ஊர் போகாத எஞ்சின்

ஒரு விளையாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அறத்திற்கு என்ன வேலை என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதுதான். அடுத்த வேளை உணவுக்கு வழி தேடுவோர் கோடிக்கணக்கில் வாழும் உலகில், வயதில் மூத்த ஒருவர் தம் வீட்டு நிலவறையில் சிறு தண்டவாளம் அமைத்துக்கொண்டு, அதில் ஓடவிட எந்த எஞ்சினை வாங்கலாம் என்று மாதக் கணக்கில் மனத்தைக் குழப்பிக்கொள்வது நகைப்புக்கு இடமாகவே தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. அவருடைய கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகே நகைப்பு அடங்கியது.

அவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாழும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நமக்கு நெடுநாளாகக் கடிதத் தொடர்பு உள்ளவர். தம் பங்குக் கோவிலில் வாசகம் வாசிப்பவர். மனைவி இறந்த பின் இரவுகளின் நீளம் தாங்காமல் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியதாக எழுதியிருந்தார். எட்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு மரப்பலகை. அதன்மேல் மூன்று கிளைத் தண்டவாளங்கள். எட்டுச் சரக்குப் பெட்டிகள். ஒரே ஒரு நீராவி எஞ்சின். இவ்வளவே அவருடைய இருப்புப்பாதை. அந்த எஞ்சின் யார்டில் பெட்டிகளைத் தள்ளும் ஷண்டிங் எஞ்சினாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எது என்பதில்தான் ஐயம்.

ஷண்டிங் எஞ்சினின் இயல்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். தொலைதூரம் செல்லும் தொடர்வண்டி தானாக உருவாகிவிடுவதில்லை. பல இடங்களிலிருந்து வந்து நிற்கும் பெட்டிகளைப் பிரித்து, போகுமிடத்தின்படி வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று கோத்து, பெரிய எஞ்சின் வந்து இழுத்துச் செல்வதற்கு ஆயத்தமாக நிறுத்துவது ஒரு தனி வேலை. இதை நம் இரயில்வேத் தொழிலாளர் ஷண்டிங் என்பர்; அமெரிக்கர் ஸ்விட்சிங் என்பர். அதற்கென்றே கட்டப்பட்ட எஞ்சின் நாள் முழுவதும் உழைக்கும். ஆயினும் யார்டின் எல்லையைத் தாண்டி அது ஊருக்குப் போவது அரிது.

அதன் உருவமும் இதற்கேற்ப அமைந்தது. 1900ஆம் ஆண்டில் பிரெடெரிக் வைட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் எஞ்சின்களை அவற்றின் சக்கர வரிசையால் குறிக்கும் முறையொன்றை வகுத்தார். முன்னே வழிகாட்டும் சிறு சக்கரங்கள் எத்தனை, இடையே இழுக்கும் பெருஞ்சக்கரங்கள் எத்தனை, பின்னே தாங்கும் சக்கரங்கள் எத்தனை என்று மூன்று எண்கள். ஷண்டிங் எஞ்சின்களுக்கு முதல் எண்ணும் கடைசி எண்ணும் பெரும்பாலும் சுழியாகவே இருக்கும்: 0-4-0, 0-6-0, 0-8-0. முன்னே வழிகாட்டும் சக்கரம் இல்லாமையால் வேகமாக ஓடினால் அது நிலைகொள்ளாது. ஆனால் எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இறங்குவதால், தண்டவாளத்தை அழுத்திப் பற்றிக்கொண்டு தன்னினும் பன்மடங்கு கனமானவற்றை அசைத்துவிடும். வேகத்தைத் துறந்து பிடிப்பைப் பெற்ற இயந்திரம் என்று சொல்லலாம். பல எஞ்சின்களில் பின்னே நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் முதுகைச் சாய்வாகச் செதுக்கியிருப்பார்கள். பாதி நேரம் பின்னோக்கியே செல்ல வேண்டியிருந்ததால், ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்போது கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காக. நீர் குறைவாகப் பிடிக்கும். ஆனால் நீர்த்தொட்டிதான் அருகிலேயே இருக்கிறதே!

இன்னும் ஓர் உறுப்பு உண்டு. நெடுவழி எஞ்சினின் முகப்பில் மாடுகளை ஒதுக்கித் தள்ளும் கூர்முகம் இருக்கும். ஷண்டிங் எஞ்சினில் அதற்குப் பதிலாகத் தரைக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு பலகை. பெட்டிகளைக் கோக்கும் தொழிலாளி எஞ்சின் நகரும்போதே அதில் தாவி ஏறி நின்றுகொள்வார். அந்தப் பலகையைப் பிறகு பார்ப்போம்.

நண்பரின் முன் மூன்று வழிகள் இருந்தன. 0-4-0 மிகச் சிறியது, எத்தனை நெருக்கமான வளைவிலும் திரும்பும், பார்க்கவும் அழகு. பென்சில்வேனியா இருப்புப்பாதையின் ஏ5எஸ் வகையைச் சொன்னால் இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்களுக்கு முகம் மலரும். ஆனால் மாதிரி எஞ்சின் தண்டவாளத்திலிருந்து சக்கரங்களின் வழியாகவே மின்சாரம் பெறுகிறது. நான்கே சக்கரங்கள் என்றால், ஒன்றில் தூசு படிந்தாலும், கிளை பிரியும் இடத்தில் மின்சாரம் இல்லாத சிறு துண்டின்மேல் ஏறினாலும் சட்டென்று நின்றுவிடும். 0-8-0 அப்படியன்று, எடை உண்டு, இழுவை உண்டு, ஆனால் எட்டடிப் பலகைக்கு அது வீட்டுத் திண்ணையில் கட்டிய யானை. இடையில் நிற்பது 0-6-0. முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு இருப்புப்பாதைகளைத் தன் நிருவாகத்தில் எடுத்துக்கொண்டு, எல்லாக் குழுமங்களுக்கும் பொதுவான எஞ்சின் வடிவங்களை வகுத்தது. அவற்றுள் ஒன்றான 0-6-0 வகையில் 255 எஞ்சின்கள் கட்டப்பட்டன. அதன் பெருஞ்சக்கரத்தின் குறுக்களவு 51 அங்குலம். 87இல் ஒரு பங்காகக் குறுக்கிய மாதிரியில் அது 15 மில்லிமீட்டர்; ஒரு கோட்டுப் பொத்தான் அளவு.

இத்தகைய எஞ்சினை எப்படிச் சோதிப்பது? எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது சிறுவர் வழக்கம். அறிந்தவர்கள் எவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். யார்டில் எஞ்சின் ஆள் நடக்கும் வேகத்தில் போக வேண்டும். உடன் நடந்து வரும் ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரை 87ஆல் வகுத்தால் நொடிக்கு ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். எட்டடிப் பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கடக்க இரண்டரை நிமிடம். அந்த இரண்டரை நிமிடமும் துடிக்காமல், தயங்காமல், நிற்காமல் ஊர்ந்து செல்லும் எஞ்சினே நல்ல எஞ்சின். விலை உயர்ந்து பளபளக்கும் எஞ்சின்கள் பல இந்தத் தேர்வில் தவறிவிடுகின்றன என்று அவர் எழுதியிருந்தார். வேகத்தில் ஓடும்போது எல்லாக் குறையும் மறைந்துவிடுகிறதாம். மெதுவாக நகரும்போதுதான் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பழுதும் வெளிப்படுகிறதாம். மனிதரைப் பற்றியும் இதைச் சொல்லலாம் என்று நமக்குத் தோன்றியது. ஆனால் உவமைகள் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் எச்சரிக்கை தேவை என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

மூன்று கிளைப் பாதைகளும் எட்டுப் பெட்டிகளும் கொண்ட அவருடைய அமைப்பு புதிதன்று. ஆலன் ரைட் என்னும் ஆங்கிலேயர் வகுத்த 'இங்கிள்நூக்' என்னும் புதிர் அது. ஒரு கிளையில் ஐந்து பெட்டிகள் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. எட்டில் ஐந்தைச் சீட்டுப்போட்டு எடுத்து, விழுந்த வரிசைப்படியே கோத்து நிறுத்த வேண்டும். அந்தச் சிறு பலகையில் அமையக்கூடிய வரிசைகள் 6,720. நாளுக்கு ஒன்றாக ஆடினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எழுபது வயதில் அது போதுமல்லவா என்று நண்பர் கேட்டிருந்தார். கலிபோர்னியாவின் மான்ட்டெரி நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் என்பவரும் இத்தகைய புதிர் ஒன்றை வகுத்தவர். மலையும் பாலமும் நகருமாக ஒரு பெரிய மாதிரி இருப்புப்பாதையைத் தம் வீட்டில் எழுப்பியவர். அவருடைய யார்டில் ஷண்டிங் வேலைக்கு ஒரு டைனோசர் பொம்மையும் இருந்ததாம், தனி எண்ணோடு! 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த சில நாள்களில் அந்த இருப்புப்பாதையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. மனிதர் செய்யும் சிறு உலகங்களின் ஆயுள் அவ்வளவே.

நண்பருக்குத் தொடக்கத்தில் நாம் எழுத எண்ணிய மறுமொழி ஒரு சிறு மறையுரைபோல் அமைந்திருந்தது. ஊர் போகாத எஞ்சின், பிறரை ஊருக்கு அனுப்பும் எஞ்சின்: கிறித்தவ மனத்திற்கு இதைவிட இனிய உவமை உண்டோ? உடனே நினைவுக்கு வந்தவர் புனித அல்போன்ஸ் ரொட்ரிகஸ். மனைவி மக்களை இழந்து, வணிகத்தில் நொடித்து, நடுத்தர வயதில் இயேசு சபையில் துணைச் சகோதரராகச் சேர்ந்த அவர், மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரியின் வாயிற்காவலராக ஏறத்தாழ நாற்பதைந்து ஆண்டுகள் இருந்தார். கதவு தட்டப்படும், திறப்பார். செய்தி கொண்டுபோவார். மீண்டும் கதவு. அந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்த இளைஞர் ஒருவர் அவரோடு பழகி, அவருடைய தூண்டுதலால் அமெரிக்கக் கண்டத்திற்குப் புறப்பட்டார். 1610இல் கார்த்தஹேனா துறைமுகத்தை அடைந்து, கப்பல்களில் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளிடையே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவரே புனித பீட்டர் கிளேவர். வாயிற்காவலர் தீவைவிட்டு நகரவில்லை; அவர் கோத்துவிட்ட வண்டி கடல் கடந்து போயிற்று. 1888ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இருவரையும் ஒரே நாளில் புனிதராக அறிவித்தார்.

ஆங்கிலிக்கன் குருவான வில்பர்ட் ஆட்ரி எழுதி, உலகெங்கும் குழந்தைகள் அறிந்த தாமஸ் என்ற எஞ்சினும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான், அதுவும் 0-6-0. 1946இல் வெளிவந்த கதையில் அது நிலையத்தில் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையில் இருக்கிறது. உலகைப் பார்க்க ஏங்குகிறது. விபத்தொன்றில் உதவியதற்குப் பரிசாக அதற்குத் தனியே ஒரு கிளைப் பாதை தரப்படுகிறது. நல்ல கதை, குழந்தைகளுக்கு நாமே பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆனால் ஷண்டிங் எஞ்சின் கடைசிவரை ஷண்டிங் எஞ்சினாகவே இருந்து நிறைவு பெறும் கதையை ஒரு குருவுக்கும் எழுத மனம் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாழ்வின் பெருமையைப் பேசுகிறோம். பரிசு என்று வந்தால் அதிலிருந்து விடுதலையைத்தான் கொடுக்கிறோம்.

இந்த அளவில் நம் மறுமொழி முடிந்திருக்கும். கடிதத்தின் கடைசிப் பக்கம் அதற்கு இடம் தரவில்லை.

அதில் அவர் தம் தாத்தாவைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பென்சில்வேனியாவில் ஒரு யார்டில் பெட்டி கோக்கும் தொழிலாளி. குளிர்கால விடியற்காலை ஒன்றில் ஷண்டிங் எஞ்சினின் முகப்புப் பலகையில் ஏறப்போனார். பலகையில் பனி உறைந்திருந்தது. கால் வழுக்கிற்று. இடப் பாதத்தை எஞ்சின் எடுத்துக்கொண்டது. பிறகு அவர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். கதவருகே ஒரு நாற்காலியில் அமர்ந்து யார்டின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். பேரன் கேட்டார்: அதே பலகையைச் சின்னஞ்சிறு அளவில், இன்னும் நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து விலைபேசுகிறேனே, இது முறையா? இந்த எஞ்சினை வைத்து நான் விளையாடலாமா?

நாம் எழுதி வைத்திருந்த மறையுரையைக் கிழித்துவிட்டோம்.

யார்டு என்பது அமைதியான பணிவிடையின் இடம் என்று எண்ணியது நம் அறியாமை. அங்கே கைகள் நசுங்கின. பழைய அமெரிக்கப் பெட்டிகளை இணைக்க ஓர் இரும்பு வளையமும் ஒரு முளையும்தான் இருந்தன. எஞ்சின் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரும். தொழிலாளி இரு பெட்டிகளுக்கும் இடையே நின்று, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து எதிர்ப் பெட்டியின் வாய்க்குள் நுழைக்க வேண்டும். பெட்டிகள் மோதும் கணத்தில் கையை இழுத்துக்கொண்டு முளையை இறக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் விரல் போயிற்று; இரண்டு நொடி பிந்தினால் உயிர் போயிற்று. விரல் குறைந்த கையே அனுபவத்திற்குச் சான்று என்பது அக்காலப் பேச்சு.

அயோவா மாநிலத்தில் லொரென்சோ காபின் என்னும் உழவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் படைப்பிரிவொன்றின் ஆன்மிகப் பணியாளராக இருந்தவர். 1874இல் தொடர்வண்டிப் பயணமொன்றில் பெட்டி கோத்த ஒருவருடைய விரல்கள் தம் கண்முன்னே நசுங்கியதைப் பார்த்தார். அத்தகைய காட்சியைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள்; அவர் வீட்டுக்குப் போய் அதை மறக்க மறுத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கூட்டம் கூட்டமாகச் சென்று பேசினார், கடிதங்கள் எழுதினார், அதிகாரிகளைத் தொல்லைப்படுத்தினார். பித்தர் என்று அவரைப் பலர் ஒதுக்கினர். 1889இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன், பயனுள்ள தொழிலொன்றைச் செய்யும் உழைப்பாளர் போர்க்களத்தில் நிற்கும் வீரருக்கு நிகரான ஆபத்தில் இருப்பது நம் நாகரிகத்திற்கு இழுக்கு என்ற கருத்தை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். 1893 மார்ச் 2ஆம் நாள் அவர் ஒப்பமிட்ட சட்டம், தானாகக் கோத்துக்கொள்ளும் இணைப்புகளையும் தொடர்வண்டி முழுவதற்குமான பிரேக்குகளையும் கட்டாயமாக்கிற்று. 1892இல் பெட்டி கோக்கையில் நேர்ந்த விபத்துகள் ஏறத்தாழ 11,000. 1902இல் அவை 2,000க்குச் சற்று மேல். இடையில் தொழிலாளர் எண்ணிக்கை கூடியிருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அந்தத் தானியங்கி இணைப்பு வந்த வழி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. வர்ஜீனியாவில் துணிக்கடைப் பணியாளராக இருந்த ஈலை ஜேனி என்பவர் 1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பொறியாளர் அல்லர். பட்டறை உடையவரும் அல்லர். பகலுணவு வேளைகளில் பேனாக்கத்தியால் மரத்துண்டைச் செதுக்கி மாதிரி செய்தார். இரு கைகளின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று மாட்டிப் பாருங்கள். அதுவே அதன் வடிவம். விரல்களைக் காப்பாற்றிய இரும்பு விரல்களைப் போலவே வளைந்திருக்கிறது. பெரிய இணைப்பு வருமுன் கையளவு மரமாதிரி வந்தது. அதைச் செய்தவரைப் பார்த்தும் யாரேனும் வயது வந்த ஆள் பொம்மை செய்கிறார் என்று சிரித்திருக்கலாம்.

இரு புனிதர்களையும் ஒரே நாளில் பீடமேற்றிய அதே பதின்மூன்றாம் லியோ, மூன்று ஆண்டுகள் கழித்து 1891 மே 15ஆம் நாள் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளியின் நிலை, நியாயமான ஊதியம், சங்கம் சேரும் உரிமை, அரசின் கடமை இவையெல்லாம் அதில் உண்டு. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ தம் பெயரை அந்த நினைவோடே ஏற்றார். வாயிற்காவலரின் பணிவைப் போற்றிய கையே தொழிலாளியின் உரிமையையும் எழுதிற்று. நாமோ பெரும்பாலும் முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அது செலவில்லாதது. அல்போன்ஸ் தம் கதவைத் தாமே தேர்ந்தார். நண்பரின் தாத்தா பனி படிந்த பலகையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவர் மனமுவந்து ஏற்ற தாழ்வும், இன்னொருவர்மேல் சுமத்தப்பட்ட ஆபத்தும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே உவமையில் கட்டிவிடுவது மறையுரை ஆற்றுவோரும் நம்மைப் போல் எழுதுவோரும் அடிக்கடி செய்யும் பிழை. துன்பப்பட்டவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை, கேட்பவருக்குத்தான் மனம் குளிர்கிறது.

ஆனால் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. விளையாடலாமா?

கூடாது என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் உலகில் விளையாட்டுப் பொருளே மிஞ்சாது. மரக்கலம் செய்கிறோம், கடலில் மூழ்கியவர்கள் எத்தனை பேர்? சொப்புச் சட்டியில் சமைக்கிறாள் சிறுமி. அடுப்பில் வெந்தவர்கள் எத்தனை பேர்? மறுபுறம், இது வெறும் விளையாட்டு, இதில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிடவும் முடியவில்லை. சிறிதாக்குவது என்பது எதையோ விட்டுவிடுவது. 87இல் ஒரு பங்காக்கும்போது இரும்பின் எடை போகிறது, வெப்பம் போகிறது, புகை கண்ணைக் கரிக்காது, எஞ்சின் மேலே ஏறினால் விரல் நோகாது. ஆபத்து முழுவதும் வடிகட்டப்பட்டு, அழகு மட்டும் மிஞ்சுகிறது. இந்தப் பொழுதுபோக்கினர் எஞ்சினுக்குக் கரியும் துருவும் படிந்ததுபோல் வண்ணம் தீட்டுவதில் தேர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கரியும் அழகுக்காகவே. புகைக்கறையை நுட்பமாகத் தீட்டுகிறவர் விரல் இல்லாத கையைத் தீட்டுவதில்லை. அவர்கள் விற்கும் மனித உருவங்கள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். எல்லாருக்கும் இரண்டு கை, இரண்டு கால்.

உயிர்த்த ஆண்டவர் சீடரிடையே வந்தபோது தம் காயத்தழும்புகளை அழித்துக்கொண்டு வரவில்லை என்பதை நாம் ஆண்டுதோறும் உயிர்ப்புக் காலத்தில் வாசிக்கிறோம். மாட்சி பெற்ற உடலிலும் ஆணித் துளை இருந்தது. ஐயுற்ற தோமா தொட்டறியலாம் என்று கை நீட்டிக் காட்டினார். காயமில்லாத மாட்சி ஒன்றைச் சிறிய அளவிலேனும் செய்து மேசைமேல் வைத்துக்கொள்வது பொய்யாகாதா என்பதுதான் நண்பரின் உள்ளத்தை அரித்தது என்று நினைக்கிறோம். தம் தாத்தாவின் யார்டைச் செய்துவிட்டு, அதிலிருந்து தாத்தாவை விட்டுவிடுவது.

நாம் எழுதிய மறுமொழி சிறியது. விளையாடுங்கள் என்றோம். அந்த எஞ்சினைத் தேர்ந்தெடுக்க நீங்கள் எடுத்துக்கொண்ட மாதங்களில், முகப்புப் பலகை தரையிலிருந்து எத்தனை அங்குலம், பிடிக்கம்பி எங்கே இருந்தது, ஏறுபவர் எந்தக் காலை முதலில் வைப்பார் என்றெல்லாம் தெரிந்துகொண்டீர்கள். உங்கள் குடும்பத்தில் வேறு யாரும் இவ்வளவு தெரிந்துகொள்ளவில்லை. நெடுவழியில் பறக்கும் பெரிய எஞ்சினை வாங்கியிருந்தால் நீங்களும் தெரிந்துகொண்டிருக்க மாட்டீர்கள் என்றோம். அதற்குமேல் சொல்ல நமக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. இந்த மறுமொழி போதுமானதா என்ற ஐயம் இன்றும் உண்டு. பாதம் இழந்தவரிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ! ஒருவேளை அவர் அந்த எஞ்சினை நேசித்திருக்கவும் கூடும். கதவருகே அமர்ந்து முப்பது ஆண்டுகள் அதன் ஓசையைக் கேட்டது வெறுப்பினாலா, விருப்பினாலா என்று பேரனுக்கும் தெரியவில்லை.

ஒரு செய்தியையும் சேர்த்து எழுதினோம். டீசல் எஞ்சின் நீராவியைத் துரத்தத் தொடங்கியது யார்டுகளிலேதான். 1925இலேயே நியூயார்க்கின் யார்டு ஒன்றில் அது ஷண்டிங் வேலைக்கு வந்துவிட்டது. ஆயினும் அமெரிக்காவின் பெரிய இருப்புப்பாதைகளுக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின் பறக்கும் பெருவண்டி அன்று. 1953 டிசம்பரில் நார்போக் அண்டு வெஸ்டர்ன் குழுமத்தின் ரோனோக் பட்டறையில் முடிந்த 244ஆம் எண் எஞ்சின் அது. 0-8-0 வகை ஷண்டிங் எஞ்சின். அந்த முகப்புப் பலகைகளும் 1970களில் விதிமுறைகளால் விலக்கப்பட்டன.

சில மாதங்களுக்குப் பின் மறுகடிதம் வந்தது. 0-6-0 வாங்கிவிட்டார். டெண்டரிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் வகை. எந்தக் குழுமத்தின் பெயரையும் எழுதாத, எண் மட்டும் உள்ள கறுப்பு எஞ்சின். பெட்டிகளின் இணைப்புகள் ஜேனியின் விரல் வடிவிலேயே அமைந்தவை. தண்டவாளத்தின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது, அதன்மேல் நின்றால் கை படாமலே கழன்றுகொள்கின்றன. முகப்புப் பலகையில் ஒரு மனித உருவத்தை ஒட்டலாமா என்று பல நாள் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். ஆனால் வேகத்தை மட்டும் இரண்டரை நிமிடக் கணக்கிலேயே வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் வரும்போது, இன்னும் வேகமாக ஓட்டுங்கள் என்று கெஞ்சுகிறார்களாம். பக்கத்தில் ஒருவர் நடந்து வருகிறார், அவர் பின்தங்கிவிடுவார் என்று சொல்லிவைத்திருக்கிறார். யார் என்று அவர்கள் கேட்டபோது சொன்னாராம்.

மூன்றாம் கிளை பிரியும் இடத்தில் எஞ்சின் இன்னும் நின்றுவிடுகிறதாம். சக்கரங்களைத் துடைத்துப் பார்த்தாயிற்று. அடுத்து உள்ளே ஒரு மின்தேக்கியை வைத்துப் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறார்.